மேற்கே சுவர், இரண்டு வாசல்: நெல்லைச் சீமையில் எங்கே ஏறும், எங்கே இறக்கும்?

#1 பாளைப்பருந்து

வணக்கம். சொந்த ஊர் பாளையங்கோட்டை. ஆறு வருடமாக ஜெர்மனியில் இருக்கிறேன். போன இடத்தில் சும்மா இருக்காமல் ஒரு கிளைடர் (இயந்திரமில்லாத விமானம்) சங்கத்தில் சேர்ந்து உரிமம் வாங்கினேன். பிறகு பாராகிளைடரும், அதாவது பைக்குள் மடித்து வைக்கிற துணி இறக்கையும், பழகிக்கொண்டேன். மாசி மாதம் ஐந்து வார விடுப்பில் ஊருக்கு வருகிறேன். பாராகிளைடர் பையும் கூடவே வருகிறது. இரண்டிலும் இயந்திரம் இல்லை; வெயிலில் சூடாகி மேலே ஏறுகிற காற்றுதான் எங்களைத் தூக்கும். அதைத் தெர்மல் என்போம்.

அங்கே புதிய மைதானம் ஒன்றுக்குப் போனால் நான் முதலில் தேடுவது உள்ளூர்க் கிழவர் ஒருவரை. ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து எதிரே உட்கார்ந்தால் போதும். எந்தக் கல்குவாரி பதினொரு மணிக்கே தூக்கிவிடும், எந்தக் காட்டோரம் மத்தியானத்துக்கு மேல்தான் கண் விழிக்கும், எந்தப் பள்ளத்தாக்குக்குள் மாலையில் போனால் யாருடைய வயலிலாவது இறங்கித்தான் ஆக வேண்டும் என்று மேசையில் விரலால் கோடு போட்டே காட்டிவிடுவார். கணினி முன்னறிவிப்பு இதைச் சொல்வதில்லை. அது நாட்டைச் சில கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டிப் பார்க்கிறது. ஒரு செங்கல் சூளை அதன் கண்ணில் படாது.

நம் சீமையில் அந்தக் கிழவர் யார்? நமக்குக் கிளைடரை இழுத்து ஏற்றுகிற இழுவை விமானம் இல்லை, கயிற்றைச் சுற்றி இழுக்கிற வின்ச் இல்லை. ஆனால் மாதிரிக் கிளைடர் விடுகிறவர்கள், வடக்கே போய்ப் பாராகிளைடர் பழகி வந்தவர்கள், காற்றாலையில் வேலை பார்ப்பவர்கள் என்று காற்றோடு புழங்குகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எங்கே ஏறும், எப்போது ஏறும் என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். ஒரு வரைபடத்தில் குறித்துப் பொதுவில் வைக்கிறேன்.

#2 கரிசல்காடு

கோவில்பட்டிப் பக்கம். நான் விடுவது இரண்டு மீட்டர் இறக்கையுள்ள மாதிரிக் கிளைடர். நீங்கள் மேலே சௌகரியமாக உட்கார்ந்திருப்பீர்கள். நான் கீழே நின்று கழுத்து நோக அண்ணாந்து பார்ப்பேன். 400 அடிக்கு மேல் விடக்கூடாது என்பதால் என் அறிவெல்லாம் அந்த 120 மீட்டருக்குள் அடக்கம். ஆனால் தெர்மல் பிறக்கிற வீடும் அதுதானே.

கரிசலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கறுப்பு மண், வெயிலைக் குடிக்கும், ஆகவே தெர்மல் பிய்த்துக்கொண்டு கிளம்பும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். தை மாதத்தில் வந்து பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் குடித்த தண்ணீரை அப்போதும் வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கும். வருகிற வெயிலெல்லாம் அந்த ஈரத்தை ஆவியாக்கவே செலவாகிவிடும். மேலே உளுந்தும் பருத்தியும் வேறு மூடி நிற்கும். மண் வெடித்து, வெடிப்புக்குள் உள்ளங்கை போகிற அளவுக்குக் காய்ந்த பிறகுதான் கரிசல் வேலை செய்யும். என் கணக்கில் மாசிக் கடைசி. அதுவரைக்கும் நான் நம்புவது மொட்டைப் பாறை, கல்குவாரி, தீப்பெட்டி ஆலைகளின் தகரக் கூரை.

கருவி இல்லாதவர்களுக்கு ஒரு உபாயம். நாலைந்து பனை வரிசையாக நிற்கும் இடம் பாருங்கள். காற்றே இல்லாத நேரத்தில் தெற்குக் கோடிப் பனை மட்டும் சலசலக்கும். கொஞ்சம் கழித்து வடக்குக் கோடிப் பனை சலசலக்கும், ஆனால் ஓலை எதிர்ப்பக்கம் சாயும். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக் கும்பிடுகிற மாதிரி இருந்தால், நடுவில் ஒன்று மேலே கிளம்பிக்கொண்டிருக்கிறது. சுற்றியுள்ள காற்றை அதுதான் இழுக்கிறது. கிளைடரை அங்கே விட வேண்டும். இதை எனக்குச் சொன்னவர், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டுகிற வேரியோமீட்டர் என்ற கருவியின் பெயரையே கேட்டிராத ஒரு பனையேறி.

#3 ஒற்றைப்பனை

நான் மாறுபடுகிறேன். பொதுவில் வைக்காதீர்கள்.

எனக்கு ஒரு குன்று இருந்தது. "இருந்தது" என்று எழுதுகிறேன், கவனியுங்கள். மூன்று வருடம் தனியாகப் போய், எந்தக் காற்றுக்கு எந்தச் சரிவு என்று பழகி வைத்திருந்தேன். ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் நண்பர் கேட்டார் என்று இடத்தைப் போட்டேன். இரண்டே மாதம். ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர், அதில் பறக்கிறவர்கள் நாலு பேர். மிச்சம் எல்லாம் காணொளி எடுக்க வந்த கூட்டம். பாட்டில் உடைத்துப் போட்டார்கள். அடிவாரத்து நிலக்காரர் முள்கம்பி போட்டார். அதில் ஆடு மேய்ப்பவர்களின் தடமும் அடைபட்டது. அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்குப் பயந்தே அந்தப் பக்கம் போவதில்லை.

ஜெர்மனியில் சங்கம் இருக்கிறது, சட்டதிட்டம் இருக்கிறது, பகிரலாம். இங்கே பகிர்ந்தால் திருவிழா.

#4 பொருநைக்கரை

தம்பி பாளைப்பருந்து, கிழவரைத் தேடினீர்கள், வந்துவிட்டேன். காப்பி பாக்கி.

எழுபதுகளின் கடைசியில் புனேயில் வேலை பார்த்தேன். ஹடப்சர் கிளைடிங் மையத்தில் வின்ச் இழுக்கப் பழகினேன். நம் நாட்டிலேயே வரைந்து செய்த கிளைடர்களுக்கு அப்போது நட்சத்திரப் பெயர்களாகவே வைத்திருந்தார்கள்: அஸ்வினி, பரணி, கார்த்திக், ரோகிணி. எனக்கு வாய்த்தது ரோகிணி. 1961இல் முதன்முதலில் பறந்த வடிவம்; ஆசிரியரும் மாணவரும் அக்கம்பக்கமாக உட்கார வேண்டும். ஆசிரியரின் முழங்கை எப்போது இடிக்கிறதோ அப்போது தப்புச் செய்கிறோம் என்று அர்த்தம். என் ஜாதக நட்சத்திரமும் ரோகிணிதான் என்பது இந்த விவாதத்துக்குச் சம்பந்தமில்லாத தகவல்.

ஓய்வுபெற்று அம்பாசமுத்திரம் வந்து பல வருடம் ஆகிறது. பறப்பது நின்றுவிட்டது, அண்ணாந்து பார்ப்பது நிற்கவில்லை. தாமிரபரணி வயல்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பாபநாசத்திலிருந்து சேரன்மகாதேவி வரைக்கும் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற காலத்தில், வயலுக்கு மேலே போனால் வேரியோ கீழே பார்க்கும். பச்சை நெல்லும் நிற்கிற தண்ணீரும் பகல் முழுக்கக் குளிர்ச்சி. கார் பருவத்தில் ஆனி முதல் புரட்டாசி வரைக்கும் இந்தக் கதை. பிசானத்தில் ஐப்பசி முதல் தை வரைக்கும் இதே கதை. மாசியில் பிசானம் அறுப்பு முடிந்து, தாள் மட்டும் நிற்கிற வயல் பத்து நாள் காய்ந்தால் போதும், அதே நிலம் குணம் மாறிவிடும். நீங்கள் வருகிற நேரம் நல்ல நேரம்.

ஆனால் அறுப்பு எல்லா ஊரிலும் ஒரே நாளில் முடியாது. மேல்வாய்க்கால் காய்ந்திருக்கும், கீழ்வாய்க்கால் பச்சையாக இருக்கும். அந்த எல்லைக் கோட்டில்தான் பருந்து சுற்றும். குளிர்ந்த காற்று பச்சை வயலிலிருந்து வழிந்துவந்து, காய்ந்த வயலில் சூடாகக் கிடக்கிற காற்றுக்கு அடியில் ஆப்பு வைக்கிற மாதிரி நுழைகிறது, சூடானது கிளம்பிவிடுகிறது. ஆகவே வருகிற வழியில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்த ஊரில் அறுப்பு முடிந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். அதுதான் உங்கள் வரைபடம். அது வாரத்துக்கு வாரம் மாறும்.

ஒற்றைப்பனையின் வருத்தம் நியாயம்தான். இருந்தாலும் குன்றைப் பூட்டலாம், காற்றைப் பூட்ட முடியாதே.

#5 தேரிமணல்

திசையன்விளையிலிருந்து எழுதுகிறேன். பாராகிளைடர், நான்கு வருடம், இமாச்சலத்துப் பீர் பில்லிங்கில் பழகியது. அங்கே மலையே ஆளைத் தூக்கிக் கொடுத்துவிடும். இங்கே வந்த பிறகுதான் எனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தது.

எங்கள் தேரியைப் பற்றிச் சொல்லவா? செம்மணல் சீக்கிரம் சுடும். அடியில் இருக்கிற மணலுக்குச் சூட்டைக் கடத்தாது, மேல்தோலிலேயே வைத்துக்கொள்ளும். காலை ஒன்பதரைக்கே வெறுங்காலில் நிற்க முடியாது. பங்குனியில் பத்து மணிக்குச் சின்னச் சின்னச் சூறைக்காற்று எழும்பி, செந்தூசியைச் சுருட்டிக்கொண்டு போகும். ஆஹா, தெர்மல் என்று கையைத் தேய்த்துக்கொண்டு பையைப் பிரிப்பதற்குள் பதினொன்றரை ஆகும். அதோடு சரி. கடற்காற்று வந்துவிடும். கடல் பத்து கிலோமீட்டர்தானே. குளிர்ந்த, ஈரமான, வழுவழுவென்ற காற்று. ஏறவும் ஏறாது, இறக்கவும் இறக்காது. கடை மூடியாயிற்று.

ஆகவே கடற்காற்றோடு போட்டி போட்டு மேற்கே ஓட வேண்டும். அது நாங்குநேரிப் பக்கம் போய்ச் சேரப் பெரும்பாலும் மூன்று மணி ஆகிறது. அதன் முகப்பில் மேலே பார்த்தால் மேக அடி ஒரே மட்டமாக இருக்காது: கடல் பக்கம் தாழ்ந்து கந்தல் மாதிரி, மேற்குப் பக்கம் உயர்ந்து சுத்தமாக. படிக்கட்டு மாதிரித் தெரிகிற அந்த இடத்தில் மேற்குக் காற்றும் கடற்காற்றும் முட்டிக்கொண்டு, இரண்டும் போக்கிடமில்லாமல் மேலே போகின்றன. ஒரே ஒரு தடவை அந்தக் கோட்டைப் பிடித்து, சுற்றாமல் நேராகவே பதினான்கு கிலோமீட்டர் போயிருக்கிறேன். அடுத்த மூன்று தடவையும் கோடு என்னைத் தாண்டிப் போய்விட்டது, நான் உடைமரக் காட்டில் நின்றேன். உடைமுள்ளிலிருந்து பாராகிளைடரின் கயிறுகளைப் பிரித்தெடுக்க இரண்டரை மணி நேரம். என் அம்மாவிடம் ஒரு மணி நேரம் என்று சொல்லியிருக்கிறேன்.

உவரியில் என் மாமா மேல்காற்றைக் கச்சான் என்பார், கிழக்கே இருந்து வருவதைக் கொண்டல் என்பார். "கச்சான் படுத்தால் கொண்டல் எழும்" என்று அவர் சொல்வதுதான் எனக்குக் கிடைத்த முன்னறிவிப்பு. காலையில் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பையைத் தூக்குகிறேன்.

#6 பாளைப்பருந்து

பொருநைக்கரை ஐயா, காப்பி எத்தனை வேண்டுமானாலும். தேரிமணல், பதினான்கு கிலோமீட்டர் நேர்கோட்டில் என்பது எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

மேக அடிக்கு ஒரு கணக்கு. தரை வெப்பத்துக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்குகிற வெப்பநிலை) உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால் மேக அடியின் உயரம் மீட்டரில் வரும். 35 பாகை வெப்பம், பனிநிலை 21 என்றால் 1,750 மீட்டர். இதை ஊரில் எப்படிச் சரிபார்ப்பது என்று யோசித்தபோது தோன்றியது: நமக்கு மேற்கே இரண்டு அளவுகோல் நட்டு வைத்திருக்கிறார்கள். மகேந்திரகிரி 1,654 மீட்டர், பொதிகை உச்சி 1,868 மீட்டர். மகேந்திரகிரித் தலை தெரிந்து பொதிகைத் தலை மறைந்திருந்தால் மேக அடி இரண்டுக்கும் நடுவில். சரியா?

#7 பொருநைக்கரை

பாதி சரி. மலைமேல் உட்கார்ந்திருக்கிற மேகம் நம்முடையது அல்ல தம்பி, கேரளத்துக்காரர்களுடையது. அந்தப் பக்கத்து ஈரக்காற்று மலையேறிக் குளிர்ந்து உருவாகிற மேகம். நம் பக்கத்துக் காற்று காய்ந்தது. ஆகவே சமவெளிக்கு மேல் மேக அடி அதைவிட உயரமாகத்தான் இருக்கும். பொதிகைத் தலை மறைந்திருக்கிற நாளில் ஆலங்குளத்துக்கு மேல் மேகம் எத்தனையோ உயரத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு உச்சியும் பளிச்சென்று தெரிகிற நாளில் உங்கள் கணக்கு பலிக்கும்.

பலூன் விவரமும் இதே மாதிரிதான். நமக்குப் பக்கத்தில் காற்றுமண்டலத்தை அளக்கப் பலூன் விடுகிற ஊர் திருவனந்தபுரம். விடியற்காலை ஐந்தரைக்கு விடுவதன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இன்று இத்தனை மீட்டர் ஏறலாம் என்று நம்பிவிடாதீர்கள். நடுவில் ஒரு மலை நிற்கிறது. மேல்மட்டக் காற்றின் திசைக்கும் வேகத்துக்கும் அதை நம்பலாம்; கீழே உள்ள ஈரத்துக்கு நம்பக்கூடாது. கீழ்மட்டத்துக்குப் பாளையங்கோட்டை வானிலை நிலையத்தின் அளவுகளை எடுத்து ஒட்டுப்போட்டுக்கொள்ள வேண்டும்.

#8 பணகுடிக்காற்று

இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் பறப்பவன் அல்ல. பதினான்கு வருடமாகக் காற்றாலைப் பராமரிப்பு. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை 80 மீட்டர் ஏணி ஏறி, மேலே இயந்திரப் பெட்டியின் கூரையில் கொக்கி மாட்டிக்கொண்டு நிற்பேன். நீங்கள் எல்லாரும் எங்கே ஏறும் என்று கேட்கிறீர்கள். எங்கே இறக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அதைச் சொல்ல வந்தேன்.

மேலே நின்று பார்த்தால் நம் சீமை இப்படித்தான் இருக்கிறது: மேற்கே ஒரு சுவர், சுவரில் இரண்டு வாசல். தெற்கு வாசல் ஆரல்வாய்மொழி. வடக்கு வாசல் செங்கோட்டைக் கணவாய். வைகாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும் மேல்காற்று இந்த இரண்டு வாசலிலும் நெருக்கியடித்துக்கொண்டு நுழையும். தெற்கு வாசலில் வந்தது முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி, ராதாபுரம் என்று விசிறி மாதிரி விரியும். வடக்கு வாசலில் வந்தது தென்காசி, சுரண்டை வழியாகக் கயத்தாறு வரைக்கும் போகும். காற்றாலைகள் எங்கே நிற்கின்றன என்று பார்த்தாலே காற்றின் வழி தெரிந்துவிடும். காசு போட்டவர்கள் சும்மா நட மாட்டார்கள்.

இரண்டு வாசலுக்கும் நடுவில், சுவருக்குப் பின்னால், களக்காடு முதல் அம்பாசமுத்திரம் வரைக்கும் மலை மறைவு. அங்கே அமைதியாக இருக்கிறதே, பறக்கலாமே என்று நினைத்தால் தப்பு. அமைதி தரையில்தான். மலையைத் தாண்டி விழுகிற காற்று, அருவித் தண்ணீர் கீழே விழுந்து புரள்கிற மாதிரி, அடியில் உருளும். நீங்கள் ரோட்டர் என்று சொல்வது அதுதான் என்று நினைக்கிறேன்.

அது எங்கே இருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? காற்றாலையின் மூக்கு எப்போதும் காற்றைப் பார்த்துத் திரும்ப வேண்டும். காற்று ஒழுங்காக வருகிற இடத்தில் ஒரு நாளில் கொஞ்சம்தான் திரும்பும். ரோட்டர் விழுகிற இடத்தில் நிற்கிற காற்றாலை பைத்தியம் பிடித்த மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடும். ஒரே பக்கமாகப் பல சுற்றுச் சுற்றிவிட்டால் கோபுரத்துக்குள் தொங்குகிற மின்கேபிள் முறுக்கிக்கொள்ளும். அப்போது இயந்திரம் தானாகவே நின்று, முறுக்கைப் பிரித்துவிட்டு, மறுபடி ஓடும். அந்த எச்சரிக்கை எங்கள் கணினியில் பதிவாகும். ஒரு வரிசையில் பத்து காற்றாலை இருந்தால், மலைக்குக் கிட்டத்தில் இருக்கிற ஒன்றிரண்டு மட்டும் சீசன் முழுக்க இந்த எச்சரிக்கையைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பல்சக்கரப் பெட்டி முதலில் போவதும் அதில்தான். அந்தக் காற்றாலைகளை எங்களுக்குள் "ஆடுகிற ஆத்தா" என்று சொல்வோம்.

சில வருடத்துக்கு முன்னால், ஆனி மாதம். அப்படிப்பட்ட ஒரு காற்றாலையின் மேலே நின்றிருந்தேன். வடமேற்கே ஒரு பாராகிளைடர் தெரிந்தது. அழகாகத்தான் வந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு பக்கம் மடிந்தது. பிழிந்த வேட்டி மாதிரி முறுக்கிக்கொண்டு இறங்கியது. உடைமரத்தின் மேல் விழுந்ததால் ஆள் பிழைத்தார். எங்கள் ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கை எலும்பு இரண்டு இடத்தில். வழியெல்லாம் அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "கீழே காற்றே இல்லையே, கீழே காற்றே இல்லையே."

எங்களுக்கு அந்த இடம் தெரியும். அந்த மாதத்தில் மட்டும் அந்தக் காற்றாலையில் எத்தனை தடவை கேபிள் முறுக்கிக்கொண்டது என்று என் குறிப்பேட்டில் இருந்தது. அவருக்கு அதைச் சொல்ல எனக்கு வழியில்லை; கேட்க அவருக்கும் தெரியாது.

இன்னும் ஒன்று. காற்றாலைக்குப் பின்னால் காற்று கலங்கிப் போகும். இறக்கைவட்டத்தின் விட்டம் 80 மீட்டர் என்றால் அதைப் போல் பத்து மடங்கு தூரத்துக்கு, அதாவது முக்கால் கிலோமீட்டருக்கு மேல், அந்தப் பக்கம் வராதீர்கள். சீசனில் கணவாய் வாயில் எங்கள் கருவி வினாடிக்கு 15 மீட்டர் காட்டுவது சாதாரணம்; மணிக்கு 54 கிலோமீட்டர். உங்கள் பாராகிளைடர் எவ்வளவு வேகம் போகும்?

#9 தேரிமணல்

சாதாரணமாக 38 போகும் அண்ணாச்சி. முழுதாக மிதித்தாலும் 50, 55க்குள். அதாவது உங்கள் கணவாயில் நான் முன்னால் பார்த்துக்கொண்டே பின்னால் போவேன்.

"கீழே காற்றே இல்லையே" என்று அவர் சொன்னதை வாசித்துவிட்டு இன்று முழுக்க வேலை ஓடவில்லை.

#10 கரிசல்காடு

பணகுடிக்காற்று அண்ணாச்சி, கேபிள் முறுக்கை வைத்து ரோட்டரைக் கண்டுபிடிப்பது என்பது நான் எந்தப் புத்தகத்திலும் வாசிக்காதது. பெயர் வேண்டாம், நிறுவனம் வேண்டாம்; எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவில் என்று மட்டும் சொன்னால் வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டிவிடலாம்.

ஒரு சந்தேகம். ரோட்டர் இருந்தால் அதற்கு மேலே அலை, அதாவது மலையைத் தாண்டிய காற்று மேலும் கீழுமாக ஆடிப் போவது, இருக்க வேண்டும் அல்லவா? ஆண்டிஸ் மலையில் பெர்லான் கிளைடர் 2018இல் 76,000 அடிக்கு மேல் போனது அலையில்தானே. நம் ஆடிக் காற்றுக்கு என்ன குறைச்சல்?

#11 பொருநைக்கரை

குறைச்சல் மேலே இருக்கிறது. அலை ஏறிப் போக வேண்டுமானால் காற்று ஒரே திசையில், உயரப் போகப் போக வலுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆண்டிஸில் குளிர்காலத்தில் அப்படி அமைகிறது; துருவப் பக்கத்துச் சுழற்காற்று மேலே மேலே கைகொடுக்கிறது. நம் ஆடிக் காற்று ஏறக்குறைய 1,500 மீட்டரில் உச்ச வேகம். அதற்கு மேல் தளர்ந்து, ஆறு கிலோமீட்டர் வாக்கில் ஓய்ந்து, அதற்கும் மேலே திசையே மாறிக் கிழக்குக் காற்றாகிவிடுகிறது. உச்சியில் ஓடுவது கிழக்கு ஜெட் என்கிற வேகக் காற்று. கோடீஸ்வரம் என்ற நம் நாட்டு வானிலையாளர் 1958இல் உலகுக்கு எடுத்துச் சொன்னது. ஆகவே நம் அலைக்கு ஒரு கூரை உண்டு. கூரைக்குக் கீழே அலை இருக்கிறதா என்றால், இருக்கிறது. கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனி, ஆடியில் சாயங்காலம் நாலு மணிக்கு என் மாடியிலிருந்து பார்க்கிற காட்சி இது. மலைமுகட்டில் மேகம் மதில் மாதிரி உட்கார்ந்திருக்கும்; வழிந்து வருகிற மாதிரி இருக்கும், ஆனால் வராது, பாதிச் சரிவில் கரைந்துவிடும். அந்தப் பக்கம் கொட்டுகிறது, குற்றாலத்தில் சாரல், எனக்கு வெயில். மதிலுக்கு இப்புறம் ஒரு நீல இடைவெளி. அதற்கு இப்புறம் மலைக்கு இணையாகக் கந்தல் மேகம் ஒரு வரிசை, நின்ற இடத்திலேயே புரண்டுகொண்டிருக்கும். அந்தக் கந்தலுக்குள் போவது உரலுக்குள் தலையை விடுவது. அதற்கும் மேலே, சில நாளில் மட்டும், வழித்து வைத்த மாதிரி வழுவழுப்பாக ஒரு மேகம், நகராமல். அதுதான் அலை. பெரிய கிளைடரும் ஆக்சிஜனும் இழுவை விமானமும் இருந்து, ரோட்டரைத் தாண்டுகிற தைரியமும் இருந்தால் அங்கே போகலாம். பாராகிளைடர் வைத்திருப்பவர்கள் ஆனி, ஆடியில் மலைமறைவில் அந்த மேகத்தைப் படம் எடுக்கலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

#12 பாளைப்பருந்து

நான் தலைப்பை மாற்றிவிட்டேன்; "எங்கே இறக்கும்" என்பதையும் சேர்த்திருக்கிறேன். வரைபடத்தில் முதலில் சிவப்பு, பிறகுதான் பச்சை.

எங்கள் சங்கத்திலும் இப்படித்தான் என்று இப்போது உறைக்கிறது. காலையில் பலகையில் எழுதுவது எங்கே ஏறும் என்பதை அல்ல. இன்று எந்தப் பக்கம் போகாதே என்பதைத்தான் முதலில் எழுதுவார்கள். ஏறுகிற இடத்தை அவரவர் மத்தியானம் வந்து தம்பட்டம் அடிப்பார்கள்.

#13 மட்டுறுத்துநர்

சிவப்பில் காற்றுச் சம்பந்தமில்லாதவற்றையும் சேர்க்கவும். மகேந்திரகிரியில் இஸ்ரோ உந்துவிசை வளாகம், கூடங்குளத்தில் அணுமின் நிலையம், விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம். மூன்றின் பக்கமும் பேச்சே வேண்டாம். விஜயநாராயணத்துக் கோபுரங்களில் மிக உயர்ந்தவை 471 மீட்டர். அவற்றை இழுத்துக் கட்டியிருக்கிற கம்பிகள் தூரத்தில் கண்ணுக்குத் தெரியாது. மேற்கே 895 சதுர கிலோமீட்டர் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம்: இறங்கவும் கூடாது, இறங்கினால் திரும்பி வரத் தடமும் இல்லை. வாகைக்குளத்தில் தூத்துக்குடி விமான நிலையம் இருப்பதையும் மறக்க வேண்டாம். எங்கே பறந்தாலும் நில உரிமையாளரிடமும் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் பறக்கவும்.

#14 ஒற்றைப்பனை

குன்று எது என்று இப்போதும் சொல்ல மாட்டேன். கேட்காதீர்கள்.

ஆனால் சிவப்புக்கு என்னிடமும் ஒன்று இருக்கிறது. நாங்குநேரிக்குத் தெற்கே, ஏர்வாடிப் பக்கம், பங்குனி சித்திரையில் மாலை மூன்று மணிக்கு மேல் இறங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். அதுவரைக்கும் காற்று மேற்கே இருந்து வரும். நீங்கள் மேற்கே முகம் வைத்து, அழகாக இறங்க வருவீர்கள். தேரிமணல் சொன்ன அந்தக் கோடு உங்களுக்கு அடியில் நழுவிப் போயிருக்கும். தரையில் தென்கிழக்கே இருந்து அடிக்கும். மேலே இருக்கிற உங்களுக்கு அது தெரியாது. காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கிற வேகத்தில் தரையைத் தொடுவீர்கள். எனக்குக் கணுக்கால் போனது. நாலு மாதம் வீட்டில். இதை எந்தக் குழுவிலும் நான் எழுதவில்லை. கேட்டவர்களிடம் படியில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன்.

இறங்குவதற்கு முன்னால் குளத்தைப் பாருங்கள். தண்ணீரில் எந்தக் கரையோரம் அலையில்லாமல் கண்ணாடி மாதிரி இருக்கிறதோ, அந்தப் பக்கத்திலிருந்துதான் காற்று வருகிறது. சித்திரையில் குளம் வற்றியிருந்தால் பனையில் ஒரு பாலிதீன் பையைக் கட்டிவிட்டு ஏறுங்கள். ஏறிய பிறகு அதைப் பார்க்கவும் செய்யுங்கள். நான் கட்டியிருந்தேன், பார்க்கவில்லை.

சித்திரை, வைகாசியில் இன்னொன்றும் உண்டு. மத்தியானம் மலைமேல் காலிபிளவர் மாதிரி மேகம் பொங்கினால் மூன்று மணிக்குள் தரையில் இருங்கள். கோடை இடிமழை வருவதற்கு முன்னாலேயே அதன் காற்று வந்துவிடும்.

#15 பணகுடிக்காற்று

ஒற்றைப்பனை அண்ணாச்சி, நன்றி. என் சீசன் குறிப்பேட்டைப் பார்த்து, ஊர்ப்பெயர்களை மட்டும் கரிசல்காடு சாருக்குத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். ஏழு இடம். மூன்று, பணகுடிக்கும் வள்ளியூருக்கும் நடுவில்; கணவாய்க் காற்றும் மலைமறைவும் உரசிக்கொள்கிற கோடு அது. மிச்சத்தை நண்பர்களிடம் கேட்டு வாங்கினேன். தென்காசிப் பக்கத்தில் வேலை பார்ப்பவர்கள்.

#16 பாளைப்பருந்து

நேற்று இரவு வந்து சேர்ந்தேன். ஐயா சொன்ன மாதிரி ஜன்னலோரம்தான். கங்கைகொண்டானில் அறுப்பு முடிந்துவிட்டது. சீவலப்பேரிப் பக்கம் இன்னும் பச்சை. முதல் நாள் எங்கே போகலாம்?

#17 தேரிமணல்

முதல் நாள் பையை எடுத்துக்கொண்டு வராதீர்கள். காலை எட்டரைக்குக் கூந்தன்குளம் வந்துவிடுங்கள். மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூட்டில் இருக்கிற காலம். விடிந்ததும் சிறகடித்துப் போகிறவை பக்கத்துக் குளத்துக்குப் போகின்றன. தூரத்துக் குளத்துக்குப் போக வேண்டியவை அவசரப்படாமல் காத்திருந்து, தெர்மல் எழும்பிய பிறகு அதில் சுற்றி ஏறி, மேலிருந்து வழுக்கிக்கொண்டே போகின்றன. நாளின் முதல் தெர்மல் எத்தனை மணிக்கு, எந்த வயலிலிருந்து என்று அவைதான் காட்டும்.

பத்து நாளாகக் குறித்து வைத்திருக்கிறேன். முந்தாநாள் முதல் சுற்று 9:55. நேற்று மேகம், 10:20. இன்று 9:40, கிழக்குக் கரை தாண்டி ஒரு தரிசு நிலத்துக்கு மேல், பதினேழு நாரை. பணகுடிக்காற்று அண்ணாச்சிக்கு ஞாயிறு விடுமுறையாம், அவரும் வருகிறார். பொருநைக்கரை ஐயாவை யாராவது வண்டியில் அழைத்து வர வேண்டும்.

#18 ஒற்றைப்பனை

நான் அழைத்து வருகிறேன். எனக்கு அம்பாசமுத்திரம் வழிதான்.